ரத்னம்மாவும் தைலமரத் தோப்பு வான்கோழிகளும்

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்த பிறகும் விடியாத மாதிரியே வானம் மூடிக்கிடந்தது. பொடித் தூறல். வாசலில் நின்று பால் பாக்கெட்டின் ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் என் வீட்டுக்காரரின் பைக் சத்தம் கேட்டது. கூடவே ஒரு சிரிப்பும்.

அவருடைய சிரிப்புதான். ஆனால் அது அவருடையது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

பைக் வந்து நின்றது. பின்னால் ரத்னம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் என்னவோ உதைத்துக்கொண்டிருந்தது. மழைக்குத் தலையில் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். நீலக் கோடு போட்ட துண்டு. ஆடித் தள்ளுபடியில் நான் அவருக்கு வாங்கிக் கொடுத்தது.

“அக்கா, சிக்கிருச்சு பாருங்க. ரெண்டு வாரமா ஆட்டம் காட்டினு இருந்துச்சு” என்றாள்.

சாக்கின் வாயிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மொட்டைத் தலை. கழுத்தில் சிவப்பும் நீலமுமாகத் தொங்குகிற சதை. வான்கோழிச் சேவல். என்னைப் பார்த்து ‘குளுகுளு’ என்று கத்தியது. என் வீட்டுக்காரர் மறுபடியும் சிரித்தார். நான் பால் பாக்கெட்டோடு உள்ளே போய்விட்டேன்.

ரத்னம்மாவே அறுத்து, சுத்தம் பண்ணி, பாதிக்கு மேல் எங்களுக்கு வைத்துவிட்டுப் போனாள். மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்து, களி கிண்டினேன். நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்கு நேரம் வேக வேண்டியிருந்தது அந்தக் கறி. ருசியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காட்டுக்குப் போன கோழிகள்

இந்தத் தொடரில் இதுவரை கம்பெனியைப் பற்றியும் ஷிப்ட் பஸ்ஸைப் பற்றியுமே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் கோழிக்கதை. ஓசூர்ப் பக்கம் வான்கோழி வேட்டையா என்று யாராவது கேட்பார்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கெலவரப்பள்ளி அணைக்கு இந்தப் பக்கம் பெங்களூர்க்காரர் ஒருவர் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஓட்டல்களுக்கு அனுப்புவார். கொரோனா வந்து ஓட்டல்கள் மூடியதும் பண்ணை படுத்துவிட்டது. ஆட்களை நிறுத்தினார். ஒரு பெருமழையில் வேலி சாய்ந்தது. கோழிகள் கூட்டமாக வெளியே நடந்து போயின. பக்கத்தில் தைலமரத் தோப்பு, அதையொட்டிப் பாறை, அதற்கப்புறம் ராகி வயல். அவற்றுக்கு வேறென்ன வேண்டும்?

நாய்கள் கொஞ்சம் பிடித்தன. நரி கொஞ்சம் பிடித்தது. மிச்சமிருந்தவை உஷாராகிவிட்டன. மரத்தில் ஏறித் தூங்கக் கற்றுக்கொண்டன. ஆள் வாசம் பட்டால் ஓட்டம், நெருங்கினால் பறப்பு. அடுத்தடுத்த வருடங்களில் குஞ்சு பொரித்து, பண்ணையையே பார்க்காத கோழிகள் வந்துவிட்டன. மழைக்காலம் முடிகிற சமயம் ராகிக் கதிர் முற்றும். அப்போது விடியற்காலையில் வயலில் இறங்கிக் கதிரை உருவித் தின்னும். வயல்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போன் போட்டார்கள். பிடிக்க முடிந்தவர்கள் பிடித்துச் சாப்பிடுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் வேட்டை ஆரம்பமானது. வார விடுமுறைக்குக் கம்பெனி ஆட்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். சிலர் கண்ணி வைத்தார்கள். கண்ணிக்கு வான்கோழி எது, மயில் எது என்று தெரியுமா? ஒருவருடைய கண்ணியில் மயில் மாட்டி, பாரஸ்ட்காரர்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு பாதிப் பேருக்கு ஆசை விட்டுப்போனது.

விடாதவர்களில் ரத்னம்மா ஒருத்தி. அந்தப் பண்ணையில் தீனி போட்டவள் அவள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். புருஷன் நாகராஜ் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், குஜராத் பக்கமெல்லாம் போய்விட்டு எப்போதோதான் வீட்டுக்கு வருவார். ரத்னம்மா கண்ணி வைக்க மாட்டாள். அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் பழைய வலை ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். ஆனால் வலை பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆள்தான் என் வீட்டுக்காரர்.

பேச்சில்லாத வீடு

அவர் பெயர் தங்கராசு. துறையூர்ப் பக்கத்துக்காரர். வேலைக்காக ஓசூர் வந்தவர் மத்தூர்க்காரியான என்னைக் கட்டிக்கொண்டார். கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு வெட்டுகிற பெரிய பெரிய மெஷின்கள். நான் வேறொரு கம்பெனியில் ஒயர் கட்டுகிற லைனில் நிற்கிறேன். ஒரே மகள், சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அவர் முன்பிருந்தே அதிகம் பேசாதவர். கடைசி இரண்டு வருடங்களில் அதுவும் குறைந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து லைனில் நடந்த சண்டையைச் சொல்வேன். டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், இத்தனை நேரம் யாரிடம் பேசினேன் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. அன்றிலிருந்து நானும் குறைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடமானால் எல்லா வீடும் இப்படித்தான் ஆகும்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஐப்பசி பிறந்ததும் மாறிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலமே முகத்தில் ஒரு களை வந்துவிடும். குளிக்கும்போது வான்கோழி மாதிரி கத்திப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்திருப்பதற்குள் போய்விடுவார். திரும்பி வரும்போது சட்டையில் தைல இலை வாசமும் ஈர இறகு வாசமும் இருக்கும். துவைக்கிறவள் நான். அந்த வாசம் என் கையிலேயே தங்கிவிடும்.

ரத்னம்மா அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் சரியாகிவிடுமா? வாசலில் நின்று இரண்டு பேரும் கன்னடத்தில் பேசுவார்கள். கம்பெனியில் கன்னடக்காரர்களோடு வேலை செய்து அவருக்கு அது நன்றாக வரும். எனக்கு அரைகுறை. அவள் எப்போதும் அவருக்கு வலது பக்கமாக, நெருங்கி நின்று பேசுவாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். நான் பேசும்போது ஒருநாளாவது அப்படித் தலையைச் சாய்த்திருக்கிறாரா என்று யோசிப்பேன்.

அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். உயரம். வெயிலிலும் மழையிலும் நடந்தே பழகிய உடம்பு. லைனில் நின்று நின்று என் கால் வீங்கியிருக்கும். அவள் கணுக்கால் எலும்பு தனியாகத் தெரியும். அதையெல்லாம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தெருவில் யாரும் என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. ‘இன்னிக்கு எத்தனை கோழி?’ என்று மட்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

நானும் வருகிறேன்

தீபாவளி கழிந்த வாரம், சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்: “நாளைக்கு நானும் வரேன்.”

அவர் கை நின்றது. “நீ எதுக்கு? குளிரும். முள்ளுக் காடு.”

“அவளுக்குக் குளிராதா?”

அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர்கள் பைக்கில் போக, நான் பின்னால் ஸ்கூட்டியில் போனேன். நல்ல பனி. அணை வாய்க்காலில் பெங்களூர்க் கழிவுநீரின் நுரை வெள்ளை வெள்ளையாகப் பொங்கி நின்றது. ஒரு கட்டி காற்றில் பிய்ந்து ரோட்டின் குறுக்கே உருண்டது. முன்னால் போகிறவர்களின் முதுகு பனியில் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மறையும்போதெல்லாம் நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

தோப்புக்கு வெளியே வண்டிகளை நிறுத்தினோம். ரத்னம்மா குனிந்து கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னையும் கழற்றச் சொன்னாள். சத்தம் கேட்டால் கோழி மரத்திலிருந்து இறங்காதாம். எந்தப் பக்கம் இறங்கும், எங்கே வலை கட்ட வேண்டும் என்று அவள் கையாலேயே காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டே பின்னால் போனார். ஓரிடத்தில் இடப்பக்கம் மேலேயிருந்து ‘குளுகுளு’ என்று சத்தம் வந்தது. அவர் வலப்பக்கம் பார்த்தார். ரத்னம்மா அவர் இடது தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள்.

தொட்டாள். அவ்வளவு சாதாரணமாக. நிறைய தடவை தொட்டுப் பழகிய கை மாதிரி. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இதைப் பார்க்கத்தான் வந்தேன், பார்த்தாயிற்று, இனி வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று திரும்ப நினைத்தேன். ஆனால் தனியாகத் திரும்பிப் போக வழி தெரியவில்லை.

தோப்பு முடிகிற இடத்தில், ராகி வயலைப் பார்த்தபடி இரண்டு மரங்களுக்கு நடுவே வலையைக் கட்டினார்கள். ரத்னம்மா வயலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். கோழிகள் வயலில் இறங்கியதும் அவள் அந்தப் பக்கமிருந்து மெல்ல விரட்டுவாள். அவை தோப்புக்கு ஓடி வரும். வலையின் ஓரத்தில் குந்தியிருக்கிற என் வீட்டுக்காரர் கயிற்றை இழுக்க வேண்டும். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், சற்று இடப்பக்கமாக, பாறையடியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

அங்கே நடந்தது

வெளிச்சம் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகக் கோழிகள் மரத்திலிருந்து பொத்தென்று இறங்கின. கறுப்பு கறுப்பாக, பனிக்குள் குண்டு குண்டாக நடந்தன. ஒரு சேவல் வாலை விரித்துக்கொண்டு நின்றது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இதற்காகத்தான் வருகிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்போது இடப்பக்கம் தோப்புக்குள் இலை மிதிபடுகிற சத்தம் கேட்டது. இன்னொரு கோழி என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கிளை முறிந்தது. அதற்கப்புறம், முறத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நின்று, மறுபடியும் கேட்டது. மாட்டுக்கொட்டகை நாற்றம்போல ஒரு நாற்றமும் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ராகி முற்றுகிற காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானை வரும். கூட்டமாக வந்தால் பாரஸ்ட்காரர்கள் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். இது ஒற்றை யானை. யாருக்கும் தெரியாமல் வந்திருந்தது. தைலமரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சுவர் மாதிரி நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் நாலைந்து மரங்கள்தான்.

“என்னங்க” என்றேன். அவர் திரும்பவில்லை.

கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். யானை ஒரு அடி எடுத்து வைத்தது. உதிர்ந்து கிடந்த காய்ந்த மரப்பட்டைகள் நொறுங்கின. எனக்கே அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது, அவருக்குக் கேட்காதா? வயலின் அந்தப் பக்கமிருந்து ரத்னம்மா யானையைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவர் அதைப் பார்த்தார். கோழி வருகிறது என்று எடுத்துக்கொண்டு, கயிற்றை இறுக்கிப் பிடித்து வலப்பக்கம் திரும்பினார். யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஓடிப்போய் அவர் காலரைப் பிடித்து இழுத்தேன். அவர் மல்லாந்து விழுந்தார். விழுந்த பிறகுதான் அதைப் பார்த்தார். இரண்டு பேரும் தவழ்ந்தோமா, ஓடினோமா, பாறை மேல் எப்படி ஏறினோம், எதுவும் நினைவில்லை. முழங்கை சிராய்ந்திருந்தது மட்டும் பிறகு தெரிந்தது.

யானை எங்களைத் துரத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு வலைக்குள் நடந்தது. வலை அதன் முன்னங்காலில் சுற்றிக்கொண்டது. காலை உதறிப் பார்த்துவிட்டு, அப்படியே இழுத்துக்கொண்டு ராகி வயலில் இறங்கி அணைப் பக்கம் போய்விட்டது. வான்கோழிகள் எல்லாம் எப்போதோ மரத்துக்கு மேலே போயிருந்தன.

பாறை மேல்

ரத்னம்மா சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.  என் பயமெல்லாம் கோபமாகித்தான் வெளியே வந்தது.

“கூப்பிட்டேனே. எத்தனை தடவை கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கறதுக்குக்கூட மனசு வரலயா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரத்னம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அக்கா, அண்ணனுக்கு எடது காது கேக்காதில்ல” என்றாள். “உங்களுக்குத் தெரியாதா?”

யானை என் பக்கத்தில் வந்து நின்றிருந்தால்கூட நான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். பாறையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடங்கள். சோபாவில் நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவேன். கட்டிலிலும் அந்தப் பக்கம்தான். சமையலறையும் அந்தப் பக்கம்தான். இவர் என்னை மதிக்கவில்லை என்று நான் மனசுக்குள் போட்ட சண்டை எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து போட்டதுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவளிடம் சொல்லத் தெரிந்ததே, என்னிடம் ஏன் சொல்லவில்லை?

“நான் சொல்லல சுமதி” என்றார். “அந்தம்மாவே கண்டுபிடிச்சுருச்சு. மொத நாளே. கோழி இந்தப் பக்கம் கத்துது, நீங்க அந்தப் பக்கம் பாக்குறீங்களே, காது கேக்கலையான்னு கேட்டுச்சு.”

பிரஸ் ஷாப் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. வெளியே தெரிந்தால் மெஷினிலிருந்து எடுத்து எங்காவது ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். என்னிடம் சொன்னால் நான் மத்தூரில் அம்மாவிடம் சொல்வேன், சொந்தக்காரர்கள் எல்லாரும் கத்திப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று கூச்சம்.

அவர் அவளிடம் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு காரணம் இருந்திருக்கும். சொல்லவில்லை. அவள் ஒரே காலையில் பார்த்துவிட்டாள். அதுதான் பொறுக்கவில்லை. அவள் அழகையும் நடையையும் பார்த்து வயிறு எரிந்ததெல்லாம் சும்மா. இதற்குத்தான் நிஜமாக எரிந்தது. என் புருஷனின் காது பற்றிய விஷயம், அடுத்த தெருக்காரிக்குத் தெரிந்து எனக்குத் தெரியவில்லை.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரத்னம்மா தனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் பெயரைச் சொன்னாள். அதனாலேயே நான் வேறு டாக்டரிடம் போனேன். மூடிய அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தார்கள். போனது போனதுதான், திரும்ப வராது, காதில் மெஷின் வைத்தால் கேட்கும், வலது காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கம்பெனியில் சொல்லிவிடலாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சொன்னார். சத்தமில்லாத பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மெஷின் வைத்த முதல் நாள், மிக்ஸியை நிறுத்தச் சொல்லிச் சமையலறைக்கு ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

லாரிக்காரர் வந்த நாள்

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

கார்த்திகையில் நாகராஜ் வீட்டுக்கு வந்தார். யானை விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. யானையோடு சேர்த்து மற்றதையும் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் ரத்னம்மா. என் வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். அது தெரிந்துதான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. வண்டி ஓட்டிச் சிவந்த கண். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

“ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ. எனக்கு அவங்க பேச்சு வேணாம். நீங்க அந்த மனுசனோட சம்சாரம். நீங்க சொல்லுங்க. இவ உங்க வீட்டுக்காரரோட தனியாத்தான் போயிகினு இருந்தாளா?”

ரத்னம்மா எங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலூரில் என் அம்மா வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிடுவேன், இங்கே வீட்டைப் பூட்டிவிடுவேன் என்று அவர் சொல்லியிருப்பதாகத் தெருவில் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். என் ஒரு வார்த்தையில் அது நடந்துவிடும். அவள் என்னைக் கெஞ்சவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த நிமிர்வுகூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மனசுக்குள் நான் எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான் அது. வேறொருவர் வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான், அது காதில் விழுகையில் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நல்லவேளை, நான் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

“தனியா எங்க போனாங்க?” என்றேன். “நானும்தானே கூடப் போயிகினு இருந்தேன்.”

“எல்லா வாரமுமா?”

“எல்லா வாரமும்தான். யானைகிட்டேர்ந்து அவரை இழுத்துகினு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க?”

ரத்னம்மா காலண்டரை விட்டு என்னைப் பார்த்தாள்.  நாகராஜ் பெருமூச்சு விட்டு, படியிலேயே உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, யானை எவ்வளவு உயரம் இருந்தது என்று கேட்டார். நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

அவள் மேல் இரக்கப்பட்டா அப்படிச் சொன்னேன்? இல்லை. பொறாமை அன்றோடு போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும், வலது பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மெஷின் இருக்கும்போது எதற்குச் சாய்க்கிறீர்கள் என்று கேட்டேன். பழக்கம் என்றார். யாரிடம் பழகிய பழக்கம் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே நாகராஜ் லோடு ஏற்றிக்கொண்டு குஜராத்துக்குக் கிளம்பினார். ரத்னம்மா மாலூருக்குப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் என் போன் அடித்தது.

“அக்கா, புது வலை வாங்கிட்டேன். நாளைக்கு வருவீங்கல்ல?” என்றாள். அப்புறம் சொன்னாள்: “நீங்கதான் எல்லா வாரமும் வர்றவங்களாச்சே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. அதையும் அப்போதுதான் கவனித்தேன், கவனித்ததும் கொஞ்சம் வலித்தது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அந்தச் சீசன் முடிகிறவரை ஒரு ஞாயிறுகூட நான் வீட்டில் இருக்கவில்லை.